பின்தங்கும் மாணவருக்குப் படிநிலை உதவி: பள்ளிகள் செய்ய வேண்டிய ஆயத்தம்



ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுவன் அமர்ந்திருக்கிறான். வகுப்பு முழுவதும் சேர்ந்து வாசிக்கும்போது அவனுடைய உதடுகளும் அசைகின்றன. தனியே எழுப்பி வாசிக்கச் சொன்னாலோ, இரண்டாம் வகுப்புப் பாடத்தின் ஒரு பத்தியைக்கூட அவனால் வாசிக்க இயலவில்லை. ஆசிரியர் இரக்கமற்றவர் அல்லர். அவருக்கு முன்னால் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். முடிக்க வேண்டிய பாடங்களும் வரிசையாகக் காத்திருக்கின்றன. இக்குறை கீழ்வகுப்பிலேயே தீர்ந்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணுகிறார். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பு ஆசிரியரும் அவ்வாறே எண்ணுவார். இப்படி ஆண்டுகள் நகர்கின்றன. ஒருநாள் அச்சிறுவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறான்.

இத்தகைய மாணவரைக் கைதூக்கிவிடுவதற்காக ஏற்பட்டதே படிநிலை உதவி என்னும் முறை. பொது சுகாதாரத் துறையில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஓர் எண்ணமே இதற்கும் அடிப்படை. நோய் வராமல் காக்கும் ஏற்பாடு ஊரார் அனைவருக்கும் உரியது. நோய்க்குறி தென்படுவோருக்குத் தனிக் கவனம் தேவை. நோயுற்றோருக்குத் தீவிர சிகிச்சை தேவை. பள்ளியில் இவை மூன்று படிகளாகின்றன. முதற்படி, வகுப்பிலுள்ள எல்லா மாணவருக்கும் கிடைக்கும் நல்ல கற்பித்தல். இரண்டாம் படி, அதனால் மட்டும் முன்னேறாதவர்களுக்குச் சிறு குழுவில் தரப்படும் கூடுதல் பயிற்சி. மூன்றாம் படி, அதற்குப் பின்னும் தடுமாறும் சிலருக்குத் தனித்தனியே அளிக்கப்படும் தீவிர உதவி.

அமெரிக்காவில் ஒரு காலத்தில், குழந்தையின் அறிவுத்திறனுக்கும் தேர்ச்சிக்கும் இடையே பெரும் இடைவெளி ஏற்பட்ட பிறகே கற்றல் குறைபாடு உண்டெனத் தீர்மானிக்கும் வழக்கம் இருந்தது. உதவி பெறுவதற்கே குழந்தை முதலில் தோற்றாக வேண்டும் என்பதுதான் அதன் விளைவு. 2004ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், அந்த இடைவெளியைக் கட்டாயமாக்கலாகாது என விதித்து, தரப்பட்ட பயிற்சிக்குக் குழந்தை எவ்வாறு முன்னேறுகிறது என்பதைக் கொண்டு தீர்மானிக்க வழிவிட்டது. பின்லாந்து நாடும் 2011 முதல் 2025 வரை பொது உதவி, கூடுதல் உதவி, சிறப்பு உதவி என மூன்று நிலைகளைச் சட்டத்தின் வழியே நடைமுறையில் வைத்திருந்தது.

முறை நல்லதே. ஆனால் ஆயத்தம் இல்லாத பள்ளியில் அது ஏட்டளவில் நின்றுவிடும். இதற்குச் சான்று இந்தியாவிலேயே உண்டு. 1995இல் மும்பையில் தொடங்கப்பட்ட பிரதம் அமைப்பு, மாணவரை வகுப்பு வாரியாக அன்றி, அவர்கள் வாசிக்கும் நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை வளர்த்தது. எழுத்து, சொல், பத்தி, கதை என ஒரே தாளில் அடங்கும் எளிய சோதனையைக் கொண்டு ஒரு குழந்தையின் நிலையைச் சில நிமிடங்களில் அறிந்துவிடலாம். தன்னார்வலர்கள் நடத்திய வகுப்புகளில் நல்ல பலன் கிட்டியது. அதன்பின் இம்முறையை அரசுப் பள்ளிகளுக்குள் கொண்டுசெல்ல முயன்றபோதுதான் சிக்கல் எழுந்தது.

பீகாரிலும் உத்தராகண்டிலும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கற்பித்தல் கருவிகளும் தரப்பட்டன. ஆயினும் பள்ளி நாட்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. அதே பீகாரில், அதே அரசு ஆசிரியர்கள் கோடை விடுமுறை முகாம்களில் கற்பித்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியருக்குத் திறமை இல்லை என்பது இதனால் பொய்யாயிற்று. வழக்கமான பள்ளி நாளில், பாடத்திட்டத்தை முடிக்கும் கடமை பயிற்சியில் கற்றதை ஓரத்திற்குத் தள்ளிவிட்டது என்பதே உண்மை.

2012-13ஆம் கல்வியாண்டில் ஹரியானாவில் அணுகுமுறை மாற்றப்பட்டது. இப்பணிக்கென்றே நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. 3 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் அந்நேரத்தில் வாசிப்பு நிலைக்கேற்பக் குழுக்களாக அமர்ந்தார்கள். பள்ளிகளை மேற்பார்வையிடும் வட்டார அலுவலர்கள் முதலில் தாமே பல நாட்கள் வகுப்பெடுத்துப் பழகிய பின்னரே ஆசிரியர்களுக்கு வழிகாட்டினார்கள். இந்தி வாசிப்பில் முன்னேற்றம் தெரிந்தது. திட்டத்தில் கவனம் செலுத்தப்படாத கணக்கில் அம்முன்னேற்றம் இல்லை. எதற்கு நேரமும் ஆளும் ஒதுக்கப்படுகின்றனவோ, அதுவே வளர்கிறது.

இதிலிருந்து ஒரு பள்ளி நிர்வாகம் செய்ய வேண்டிய ஆயத்தங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, எல்லா மாணவரையும் ஒரே எளிய சோதனையால் ஆண்டின் தொடக்கத்திலேயே அறிதல். ஆசிரியரின் மனப்பதிவு மட்டும் போதாது. அடக்கமாக அமர்ந்திருக்கும் குழந்தை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. அத்துடன் பார்வையையும் செவித்திறனையும் சோதித்தறிய வேண்டும். கரும்பலகை தெரியாத குழந்தைக்குக் கூடுதல் பாடம் மருந்தாகாது. வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் உதவி தேவைப்பட்டால், குறை முதற்படியில் உள்ளது என்று கொண்டு, அன்றாடக் கற்பித்தலையே சீர்செய்ய வேண்டும்.

இரண்டாவது, கால அட்டவணையில் இடம். விளையாட்டு நேரத்தையோ ஓவிய வகுப்பையோ பறித்து இதைச் செய்தால், பிள்ளைக்கு அது தண்டனையாகத் தோன்றும். பல வகுப்புகளுக்கும் ஒரே வேளையில் இப்பாடவேளை அமைந்தால், பிள்ளைகளைக் குழுக்களாக மாற்றி அமர்த்துவது எளிது.

மூன்றாவது, ஆசிரியருக்குத் துணை. இருநாள் பயிற்சி முகாமோடு கடமை முடிந்துவிடுவதில்லை. தலைமையாசிரியர் வகுப்பில் அமர்ந்து பார்த்து, அன்றே கலந்து பேச வேண்டும். இக்குழுக்களை நடத்தும் ஆசிரியருக்கு வேறொரு பணிச்சுமையைக் குறைத்துத் தருவதும் நிர்வாகத்தின் பொறுப்பு.

நான்காவது, சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபரிசீலனை. முன்னேறிய குழந்தை உடனே அடுத்த குழுவுக்குச் செல்ல வேண்டும். முன்னேறாத குழந்தைக்குப் பயிற்சியை மாற்றிப் பார்க்க வேண்டும். அதன்பின்னும் தடுமாற்றம் நீடித்தால் வல்லுநரின் மதிப்பீடு தேவை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் ஏற்றுக்கொண்டுள்ளது என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது பள்ளியின் கடமை.

எல்லாவற்றிலும் கவனத்திற்குரியது, படிகள் பட்டங்களாகிவிடாமல் காப்பது. ‘மக்குக் குழு’ என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால், அக்குழந்தை அப்பெயருக்கேற்பவே தன்னை எண்ணத் தொடங்கும். 2022 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கப்பட்டு, அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிடப்பட்டது. அரும்பைப் பார்த்து அது மலரவில்லையே என்று எவரும் பழிப்பதில்லை. அதே செடியில் நாளை மலரப்போவது அதுதான். ஆனால் ஆண்டு முழுவதும் அரும்பாகவே ஒரு குழந்தை விடப்படுமானால், எத்தனை அழகிய பெயரும் வெறும் பட்டமாகிவிடும்.

பள்ளி நடத்தும் அறக்கட்டளைகள் கட்டடம் எழுப்புவதிலும், முதல் மதிப்பெண் பெறுவோருக்குப் பரிசளிப்பதிலும் பெருமை கொள்கின்றன. அப்பெருமை நியாயமானதே. அதனுடன், இவ்வாண்டு வாசிக்கத் தெரியாமல் வந்தவர் எத்தனை பேர், ஆண்டின் முடிவில் வாசிக்கக் கற்றவர் எத்தனை பேர் என்ற கணக்கையும் நிர்வாகக் குழு கேட்குமானால், ஐந்தாம் வகுப்பில் உதடு மட்டும் அசைக்கும் அச்சிறுவனை யாரேனும் ஒருவர் அருகில் அழைத்து அமர்த்துவார். அவனுக்குரிய நேரமும் பள்ளியின் கால அட்டவணையில் இடம்பெற்றிருக்கும்.