விதானையாரிடம் பதிந்தாயிற்று, மருத்துவிச்சியிடம்?

(வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய பெண்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை, 2018)



மயிலிட்டி, ஊறணி, தையிட்டி என்று சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, விதானையாரிடம் பதிந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டீர்கள். ஒரு பதிவு மட்டும் பலருக்கு விடுபட்டுப் போகிறது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது மருத்துவிச்சியிடம், பதிவது. கைக்குழந்தை இல்லாத வீட்டுக்கு அவர் எதற்கு என்று நினைக்கிறோம்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறக்குறைய எப்போதும் எச்.பி.வி. என்ற வைரசால் வருகிறது. உடலுறவால் தொற்றும். பெரும்பாலானோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலரில் தங்கிவிடும், தங்கினால் புற்றுநோயாக மாறப் பத்துப் பதினைந்து வருடமும் எடுக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே இதை வைத்துப் புருசனோடு சண்டை பிடிக்காதீர்கள்.

வெள்ளைபடுதல் எல்லாம் இந்த நோயல்ல. அரிப்போடு தயிர்போலப் பட்டால் பெரும்பாலும் பங்கசு, மீன் வாடை என்றால் பக்டீரியா, மருந்தில் சுகமாகும். 'உடம்புச் சூடு' என்று சும்மா இருக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகோ உறவுக்குப் பின்போ இரத்தம் பட்டால், கிளினிக் நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆரம்பத்தில் நோ இல்லை, ஒரு அறிகுறியும் இல்லை. அதனால்தான் பப் பரிசோதனை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதில் காசில்லாமல் செய்கிறார்கள். சின்னத் தட்டைக் குச்சியால் மெல்லத் தடவி எடுப்பார்கள், சில நிமிடம்தான். மாதவிடாய் நாட்களில் மட்டும் போகாதீர்கள். முகாமில் இருந்தபோதே 35 கடந்துவிட்டதா? இப்போது போங்கள். என் அம்மாவை நான் 52 வயதில்தான் கூட்டிக்கொண்டு போனேன், அதுவும் மூன்று தரம் கெஞ்சி. போகும்போது புது முகவரியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் முடிவு உங்களைத் தேடி முகாமுக்குப் போகும்.

முடிவில் மாற்றம் என்றிருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அப்போதே அகற்றிவிடலாம். நோய்தான் என்றாலும் முந்திப்போல் மகரகமவுக்கு ஓடத் தேவையில்லை. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து, பொதுமக்களிடம் சேர்த்த காசில் 2013இல் திறந்த புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் தெல்லிப்பழையிலேயே இருக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு இந்த வைரசுக்கான தடுப்பூசி 2017 முதல் ஆறாம் தரத்தில் போடப்படுகிறது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை. முதல் ஊசியைப் பழைய பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டு இங்கே மாறிவந்த பிள்ளைக்கு இரண்டாவது தவறிப்போகலாம். புதுப் பள்ளிக்கூடத்தில் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

உங்கள் மருத்துவிச்சி இன்றைக்கு வந்திருக்கிறார், வெளியே மாமரத்தடியில் இருக்கிறார். அடையாள அட்டையையும் பிள்ளையின் கிளினிக் கொப்பியையும் கொண்டுவந்தவர்கள் இப்போதே பதியலாம்.