ஐயாயிரம் பேரிடம் கேட்டுச் சொன்ன கணிப்பு



ராமேஸ்வரம் வருகிறவர்கள் பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் பிறந்த வீட்டைப் பார்க்கிறார்கள். பேக்கரும்பு நினைவிடத்தில் ஏவுகணை மாதிரியோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். அவருடைய ராக்கெட் தெரியும், குடியரசுத் தலைவர் பதவி தெரியும். இரண்டுக்கும் நடுவில் அவர் பார்த்த ஒரு வேலையைப் பற்றித்தான் பேச்சே இல்லை. நாட்டின் வருங்காலத்தைக் கணிக்கும் வேலை அது.

டெல்லியில் 1988இல் தொடங்கப்பட்ட 'டைஃபாக்' என்ற தொழில்நுட்பக் கணிப்பு அமைப்புக்கு 1990களில் கலாம் தலைவராக இருந்தார். ஒய்.எஸ். ராஜன் அதன் செயல் இயக்குநர். வேளாண்மை முதல் மின்சாரம் வரை, 2020இல் இந்தியா எங்கே நிற்க முடியும்? ஐந்நூறு நிபுணர்கள் முன்னின்று, ஐயாயிரம் பேர் வரை கருத்துச் சொல்ல, 1996இல் இதற்கான விடை 25 தொகுதிகளாக வெளிவந்தது.

சோழி உருட்டிச் சொன்னதல்ல. இதற்கென்று 'டெல்ஃபி' என்றொரு முறை உண்டு. நிபுணர்களிடம் தனித்தனியாகக் கேள்வித்தாள் போகும். யார் என்ன எழுதினார் என்பது மற்றவருக்குத் தெரியாது. எல்லாப் பதில்களையும் தொகுத்து அவர்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். மாறுபடுகிறவர் யோசித்து மறுபடி எழுதலாம். மேலதிகாரி வாய் திறந்ததும் மற்றவர்கள் தலையாட்டுகிற நம் ஊர்க் கூட்டங்களை நினைத்தால், பெயரை மறைப்பதன் அருமை புரியும்! 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவான முறை இது. ஜப்பான் 1971 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படிக் கணித்து வருகிறது.

கணிப்பு பொய்க்கும் என்பது கலாமுக்குத் தெரியாததல்ல. அப்பா ஜைனுலாப்தீன் தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச்சென்ற படகைப் புயல் கொண்டுபோனது. 1979 ஆகஸ்ட் 10 அன்று கலாம் தலைமையில் கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஐந்தே கால் நிமிடத்தில் வங்கக் கடலில் விழுந்தது. காரணம், ஒரு வால்வில் அடைத்த தூசு, அமிலம் கசிந்துவிட்டது. புறப்படும் முன் கணினி 'நிறுத்து' என்றதையும் மீறி ஏவச் சொன்னது தான்தான் என்று அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். மறு ஆண்டு ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது.

2020 வந்தது, கூடவே கொரோனாவும் வந்தது. 2020க்குள் வளர்ந்த நாடு என்ற இலக்கு இப்போது 2047க்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதனால் அந்த உழைப்பு வீண் என்பது அவசரத் தீர்ப்பு. எழுதி வைத்திருப்பதால்தானே எங்கே சறுக்கினோம் என்று இன்று சரிபார்க்க முடிகிறது?

கலாமும் ராஜனும் 1998இல் எழுதிய 'இந்தியா 2020' நூலகங்களில் கிடைக்கும். ராமநாதபுரம் சீமையின் மாணவ நேயர்கள் அதில் வேளாண்மைப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். சொன்னதில் உங்கள் ஊரில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி, வகுப்பில் விவாதியுங்கள்.