சுருதி சேர்ந்த படமாளிகை

கச்சேரி தொடங்குவதற்கு முன்னர்த் தம்புராவுக்குச் சுருதி கூட்டுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அந்த நாதத்தில் ராகமும் இல்லை, சாகித்தியமும் இல்லை. ஆயினும் அது பிசகினால் பின்னர் வருவன யாவும் பிசகும். திரைப்படம் காட்டும் மாளிகைகளுக்கும் இத்தகைய சுருதி கூட்டும் முறை ஒன்று உண்டு. பொருளற்ற சில சோதனை ஒலிகளை எழுப்பி, அவற்றை அளந்து, ஒலிபெருக்கிகளை நெறிப்படுத்தும் அம்முறையைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

இது பொறியியலாரின் கவலையன்றோ, நமக்கென்ன என்று நேயர்கள் வினவலாம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்குத் திரைப்படம் வெறும் பொழுதுபோக்கு மட்டும் அன்று. வீட்டுக்கு வெளியே நம் பிள்ளைகள் தமிழ்ப் பேச்சைச் செவி நிறையக் கேட்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் படமாளிகையும் ஒன்று. அங்கே சொல் தெளிவாக விழவேண்டும் என்பது நமக்கு நியாயமான கவலையே.

படச்சுருள் ஓடிய காலத்தில் ஒலி, சுருளின் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையாகப் பதிந்திருக்கும். ஒளிக்கதிர் அப்பட்டையின்மீது சரியாக விழுகிறதா என்று அறிய ஒரு சோதனைச் சுருள் இருந்தது. பட்டைக்குரிய இடத்தின் ஒரு புறம் விநாடிக்கு 300 அதிர்வுகள் கொண்ட ஒலியும், மறுபுறம் 1000 அதிர்வுகள் கொண்ட ஒலியும் அதில் பதிந்திருக்கும். கதிர் உரிய இடத்தில் விழுந்தால் இரண்டுமே கேட்கமாட்டா. எந்த ஒலி கேட்கிறதோ அந்தப் பக்கம் கதிர் விலகியிருக்கிறது என்று பொருள். மௌனமே அங்கே சரிநிலைக்குச் சான்று.

இன்று படச்சுருள் பெரும்பாலும் மறைந்து, எண்முறைப் பதிவு வந்துவிட்டது. ஆயினும் கூடமும் ஒலிபெருக்கியும் மறையவில்லை. அவற்றின் குறைகளும் மறையவில்லை. அவற்றை அளப்பதற்குப் பயன்படுவது இளஞ்சிவப்பு இரைச்சல் எனப்படும் ஒலி. கேட்பதற்குப் பெருமழை பெய்வது போலவும், தொலைவில் அருவி விழுவது போலவும் இருக்கும். ஒவ்வொரு ஸ்தாயியிலும் சமமான வலிமை பொருந்தியிருப்பது இதன் சிறப்பு. கூடத்தின் நீளத்தில் திரையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில், ஒலிவாங்கிகள் சிலவற்றை வைப்பார்கள். பின்னர் இடம், நடு, வலம் என ஒலிபெருக்கிகளைத் தனித்தனியே இயக்கி, ஒவ்வொரு ஸ்தாயியையும் மூன்று கூறாகப் பிரித்து அளப்பார்கள். எந்தக் கூறு மிகுந்திருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்பது அப்போது வெளிப்படும்.

பெரிய கூடங்களில் உயர்ந்த அதிர்வுகள் காற்றிலும் திரையிலும் இருக்கைகளிலும் ஓரளவு தேய்வது இயல்பு. ஆதலின் 2000 அதிர்வுகள் வரை சமமாகவும், அதற்குமேல் ஸ்தாயிக்கு 3 டெஸிபெல் வீதம் இறங்கியும் செல்லும் ஓர் அளவுகோட்டை வகுத்தார்கள். அது 1977-இல் சர்வதேசத் தரமாக வெளிவந்தது. ஒலியின் உரத்துக்கும் ஓர் அளவு உண்டு. திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் சோதனை இரைச்சலை 85 டெஸிபெல் அளவில் தரவேண்டும். அப்போது ஒலியளவுக் குமிழ் 7 என்னும் எண்ணில் நிற்கும். படத்தின் ஒலியைக் கலந்து அமைக்கும் கூடத்திலும் இதே அளவு. எனவே படைத்தவர் கேட்டதையே பார்ப்பவரும் கேட்க வழி ஏற்படுகிறது.

இவ்வளவு எதற்கு? நமக்குத் தெரிந்த நல்ல பாட்டு ஒன்றைப் போட்டுக் காதால் கேட்டுப் பார்த்தால் போதாதா? போதாது. தெரிந்த பாட்டில் ஓர் ஒலி தேய்ந்திருந்தால், நினைவு அதை இட்டு நிரப்பிவிடுகிறது. மேலும், பாட்டு எல்லா ஒலிபெருக்கிகளிலும் பரவி வருவதால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்கும். வசனமோ பெரும்பாலும் நடுவிலுள்ள ஒலிபெருக்கி வழியாக மட்டுமே வருகிறது. அதன் உயர் அதிர்வுப் பகுதி பழுதானால் பாட்டு முழங்கும், பேச்சு மழுங்கும். சோதனை இரைச்சலில் பொருள் இல்லை; ஆகவே மனம் நிரப்புவதற்கும் ஒன்றும் இல்லை. உள்ளதை உள்ளபடி காட்டுவதே அதன் நேர்மை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வுண்மை நன்கு விளங்குகிறது. மூலத்தை அறிந்தவருக்கு மொழிபெயர்ப்பின் குறை உறைப்பதில்லை. அறியாதவரே அதற்கு இரையாகிறார். படமாளிகையிலும் அவ்வாறே. ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்தறியச் செய்யும் நுட்பங்கள் பெரும்பாலும் 1000 அதிர்வுகளுக்கு மேற்பட்டவை. அவை தேய்ந்தாலும், தமிழில் வளர்ந்த நாம் சொல்லை ஊகித்துக்கொள்கிறோம். அயல் மாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஊகம் கைவராது. அவர்கள் கண்களைத் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளுக்குத் திருப்பிவிடுகிறார்கள். தமிழ் கடினம் என்று அவர்கள் எண்ணுவதற்குச் சில வேளைகளில் தமிழ் காரணமன்று, ஒலிபெருக்கியே காரணம்.

இன்னொரு தீங்கும் உண்டு. விளம்பரங்கள் காதைத் துளைக்கின்றன என்று ரசிகர்கள் குறை கூறுகிறார்கள். நிர்வாகிகள் குமிழை 4-க்கு இறக்கிவிடுகிறார்கள். அதனால் ஏறத்தாழ 10 டெஸிபெல் குறைகிறது. காதுக்கு ஒலி பாதியாகத் தோன்றுகிறது. விளம்பரம் முடிந்து படம் தொடங்கிய பின்னும் குமிழ் அங்கேயே நின்றுவிட்டால், தாயும் மகளும் தாழ்ந்த குரலில் பேசும் காட்சி குளிர்பதன யந்திரத்தின் இரைச்சலில் அமிழ்ந்துபோகிறது.

ஆகவே நேயர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அடுத்த முறை வசனம் புரியவில்லையெனில், படத்தையோ நடிகரையோ குறை கூறுவதற்கு முன், மாளிகை நிர்வாகியிடம் பணிவாக இரண்டு கேள்விகள் கேட்கலாம்: நடு ஒலிபெருக்கியைச் சோதித்து எவ்வளவு காலமாயிற்று? குமிழ் இப்போது எந்த எண்ணில் நிற்கிறது? கேட்பவர் ஒருவராயின் சிரித்து அனுப்பிவிடுவார்கள். ஊரின் தமிழ்ச் சங்கத்தார் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால், பொறியியலாருக்கு ஆள் அனுப்புவார்கள்.