சேவலும் சட்டத்தின் ஒரு சொல்லும்



மைசூரில் நஞ்சன்கூடு சாலைக்கு அப்பால் சிறு தோட்டம் வைத்து நாட்டுக்கோழி வளர்த்து வரும் நண்பர் ஒருவர், சில நாட்களுக்கு முன் ஓர் ஆங்கிலக் கைப்புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். இவ்வூரில் 'நாட்டி கோளி'க்குத் தனி மதிப்பு உண்டு. கேழ்வரகுக் களியோடு அதன் குழம்பைச் சேர்த்து உண்பது இப்பக்கத்துப் பெருவிருந்து. "ஐயா, தாங்கள் மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர். சேவலைக் காயடித்து வளர்த்தால் கறி மென்மையாகும், விலையும் கூடும் என்று இதில் இருக்கிறதாம். அந்த முறையைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், செய்து பார்க்கிறேன்" என்றார்.

நானும் எழுதத் தொடங்கினேன். பாதியில் பேனா நின்றுவிட்டது. அது ஏன் நின்றது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

சேவலைக் காயடிக்கும் வழக்கம் புதியதன்று. பண்டைய ரோமானியர் அதை அறிந்திருந்தனர். பிரான்சு நாட்டில் பிரெஸ் என்னும் வட்டாரத்துக் காயடித்த சேவல் இன்றும் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பேர்போனது. சேவல் பருவமடைந்தால் கூவும், சண்டையிடும், பெட்டையைத் துரத்தும். தசை இறுகிக் கறியும் கடினப்படும். காயடித்த சேவலுக்குக் கொண்டை சுருங்கும், குரல் அடங்கும், தசைக்குள் கொழுப்புப் படியும். உண்பவனுக்கு இலாபம் என்பதில் ஐயமில்லை. அந்த இலாபத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

காளையைக் காயடிப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதன் விதைகள் உடலுக்கு வெளியே தொங்குகின்றன. தோலைக் கிழிக்காமல் இடுக்கியால் விதைக்குச் செல்லும் குழாய்களை நசுக்குவதும் உண்டு. அதுவும் வேதனையே. ஆனால் சேவலின் விதைகள் வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, பெரிய இரத்தக் குழாய்களுக்கு அருகில் இருக்கின்றன. சில வாரமே ஆன குஞ்சைப் பட்டினி போட்டு, இறக்கையையும் காலையும் இழுத்துக் கட்டி, கடைசி இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே கீறிப் பிளந்து, உள்ளே இடுக்கியை விட்டுப் பிடுங்க வேண்டும். கை சற்றுத் தவறினால் குழாய் கிழிந்து குஞ்சு அங்கேயே மடியும். காற்றுப் பைகள் திறந்துகொள்வதால் பின்னர் தோலுக்கடியில் காற்று நிறைந்து உடல் ஊதுவதும் உண்டு. விதையில் ஒரு துணுக்கு எஞ்சினாலும் அது மீண்டும் வளரும். பட்ட பாடு அத்தனையும் வீணாகும். இவ்வளவையும் மயக்க மருந்து இல்லாமலே செய்வதுதான் நெடுங்கால வழக்கம்.

"கோழி கத்தவில்லையே, அசையாமல்தானே கிடக்கிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். பருந்துக்கும் நரிக்கும் இரையாகப் பிறந்த உயிர் அது. பிடிபட்டபின் அச்சத்தால் விறைத்துக் கிடப்பது அதன் இயல்பு. நாம் அமைதி என்று எண்ணுவது அதன் திகிலாக இருக்கலாம். வலியை உணரும் நரம்புகள் பறவைக்கும் உண்டு என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத உண்மை.

கத்திக்குப் பதிலாக மருந்தைக் கொண்டும் முயன்று பார்த்தார்கள். பெண்மைச் சுரப்பைப் போன்ற ஒரு செயற்கை மருந்தைக் குளிகையாக்கிச் சேவலின் கழுத்துத் தோலுக்கடியில் வைக்கும் முறை 1940களில் அமெரிக்காவில் பரவியது. அம்மருந்து கறியில் தங்கி உண்பவருக்குக் கேடு செய்யும் என்ற அச்சத்தால் 1959இல் அங்கே அது கைவிடப்பட்டது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனி மசோதா ஒன்றுதான் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. 1960இல் அச்சட்டம் நிறைவேறியது. 1962இல் சென்னையில் தொடங்கிய விலங்கு நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அச்சட்டம் காயடித்தலைக் கொடுமைகளின் பட்டியலிலிருந்து விலக்குகிறது. ஆனால் வெறுமனே விலக்கவில்லை. "விதிக்கப்பட்ட முறைப்படி" செய்தால் மட்டுமே விலக்கு. அந்த முறையை வரையறுக்கும் விதிகள் 2023இல் வந்தன. பதிவு பெற்ற கால்நடை மருத்துவரைக் கொண்டு, மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

இங்கேதான் மொழிபெயர்ப்பவனுக்குச் சோதனை. 'கால்நடை' என்றால் நமக்கு ஆடும் மாடும் நினைவுக்கு வருகின்றன. 'விலங்கு' என்றாலும் புலியும் மானும் வருமேயன்றிக் கோழி வருவதில்லை. நம் மொழியில் விலங்கு வேறு, பறவை வேறு. சட்டமோ தன் சொல்லுக்குத் தானே பொருள் கூறுகிறது: மனிதர் நீங்கலாக உயிருள்ள எதுவும் அதில் அடங்கும். 'விலங்கு' என்று எழுதி விட்டுவிட்டால் படிப்பவர் மனத்தில் சேவலுக்கு இடம் இராது. ஆகவே 'உயிரினம்' என்று எழுதினேன். எழுதிய பிறகு, நண்பர் கேட்ட முறையைத் தொடர்ந்து எழுத எனக்குக் கை வரவில்லை.

சிறு பறவைக்கு மயக்க மருந்து கொடுப்பது நுண்மையான வேலை. அளவு சற்று மிஞ்சினால் உயிர் போகும். தேர்ந்த மருத்துவரை அழைத்துச் செய்தால் செலவு அந்தச் சேவலின் விலையைத் தாண்டிவிடும். செலவைக் குறைக்க வேண்டுமானால் மருத்துவரையும் மயக்க மருந்தையும் விட்டுவிட வேண்டும். அப்படியானால் இலாபம் என்று நாம் எண்ணுவது முழுவதும் அந்தக் குஞ்சு பட்ட வலியே.

மென்மையான கறிக்கு வேறு வழி இல்லையா? நிறைய உண்டு. கடைகளில் விற்கும் கறிக்கோழி ஐந்தாறு வாரத்திலேயே, பருவமடையும் முன்பே விற்பனைக்கு வந்துவிடுகிறது. அதைக் காயடிக்கத் தேவையே இல்லை. நாட்டுச் சேவலையும் முற்ற விடாமல் உரிய காலத்தில் விற்கலாம். சண்டையைத் தவிர்க்கச் சேவல்களைப் பெட்டைகளிடமிருந்து பிரித்து, நெருக்கமில்லாமல் விடலாம். முற்றிய சேவலாயின் கறியைச் சில மணி நேரம் குளிரில் வைத்திருந்து, பிறகு இளந்தீயில் நெடுநேரம் வேக வைக்கலாம். பப்பாளிக் காயில் ஒரு துண்டு சேர்த்தால் இறைச்சி இளகும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். அதன் பாலில் உள்ள நொதியே காரணம் என்று அறிவியல் பின்னர் விளக்கிற்று. அடுப்பும் பொறுமையும் செய்யக்கூடிய வேலைக்குக் கத்தி எதற்கு?

நண்பரிடம் கைப்புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அறுவை முறைக்குப் பதிலாகச் சட்டத்தின் அந்த இரண்டு வரிகளைத் தமிழாக்கி உள்ளே வைத்திருந்தேன். படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். "இந்தக் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு, ஐயா?" என்று கேட்டார். "1960இல் எழுதியபடி, முதல் தடவைக்கு ஐம்பது ரூபாய் வரை" என்றேன். அவர் சிரித்தார். "அப்படியானால் இது அபராதத்துக்கு அஞ்சி விடுகிற காரியம் அல்ல" என்று சொல்லி, அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கோழியை உண்பதா வேண்டாமா என்பது அவரவர் நெறி. அதைப் பற்றி நான் பேச வரவில்லை. உண்பதற்கென்றே வளர்க்கும் உயிராயினும், அது வாழும் நாள் வரை தேவையற்ற வலி அதற்கு நேராமல் காப்பது வளர்ப்பவரின் கடமை. அந்தக் கடமையில் காளைக்கு ஒரு நீதி, சேவலுக்கு ஒரு நீதி என்பது இல்லை.