பூவும் பிழைப்பும்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மேடையேறிப் பேசும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆண்டுதோறும் புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசும் இவ்விடத்தில், பூ விற்றுப் பிழைக்கும் எங்களை நிறுத்தி, "உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று சங்கத்தார் பணித்துவிட்டார்கள். அன்புக் கட்டளையை மீற இயலவில்லை. பேசுபவர் ஒருவரே ஆயினும் உழைப்பு கணவன் மனைவி இருவருடையது. ஆகவே 'நாங்கள்' என்றே சொல்லி வருவோம். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

பூவின் பெருமையைத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசைப்படுத்தி வைத்ததை இங்குள்ள பள்ளிச் சிறுவரும் அறிவர். நாங்கள் சொல்ல வந்தது பூவின் கணக்கு. ஒரு சிறு பூந்தோட்டத்தைக் கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா? முடியுமெனில் எப்படி? இதுவே எங்கள் பொருள்.

எங்கள் கதையை நம் காலனியில் பலர் அறிவீர்கள். வசாய்ப் பகுதித் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு சிறு ஆலையில் பத்தொன்பது ஆண்டு வேலை. 2016-இல் அது மூடப்பட்டது. நாற்பத்தெட்டு வயதில் வேறு வேலை கொடுப்பார் இல்லை. ஊருக்குத் திரும்பலாம் என்றால், திண்டுக்கல் பக்கத்தில் எங்கள் தந்தையார் வைத்திருந்த மல்லிகைத் தோட்டம் கிணறு வற்றியபின் என்றோ கைமாறிவிட்டது. எஞ்சியிருந்தது தோட்டத்தில் பூப்பறித்து வளர்ந்த சிறுவயது நினைவு ஒன்றே.

அவ்வேளையில்தான் கண் முன்னே இருந்ததைக் கண்டோம். நாம் வாழும் இந்த வசாய், தலைமுறை தலைமுறையாகப் பூவும் வாழையும் வெற்றிலையும் விளைந்த ஊர். மேற்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்கால இரயிலின் சுமைப்பெட்டியில் கூடை கூடையாகப் பூ தாதர் அங்காடிக்குப் போவதை, வேலைக்குச் சென்ற காலத்தில் நாள்தோறும் பார்த்திருக்கிறோம். இங்கே 'மோகரா' என்பது நம் குண்டுமல்லி. 'சோன்சாபா' என்பது நம் சண்பகம். 'காகடா' என்பதோ பெயரளவிலும் நம் காக்கடாவேதான். தசராவுக்கு இவர்கள் தோரணம் கட்டும் 'ஜெண்டு' நம் செண்டுமல்லி. மொழி வேறாயினும் பூக்கூடை ஒன்றாகவே இருந்தது. அதனால் துணிவு பிறந்தது.

2017-ஆம் ஆண்டு 20 குண்டா நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. நாற்பது குண்டா ஓர் ஏக்கர். ஆக எங்களுடையது அரை ஏக்கர். நிலத்துக்குரியவர் ஒரு மூதாட்டி. ஊரார் போலவே நாங்களும் அவரை 'ஆஜி' என்றழைத்தோம். மராத்தியில் அது பாட்டி.

நிற்க. முதலாண்டில் நாங்கள் செய்த தவறுகளை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம், பிறருக்குப் பயன்படும். ஊர்ப்பக்கத்தில் மழையை எதிர்நோக்கி நடுவது வழக்கமாதலால், ஜூன் திங்களில் சமதரையில் குழியெடுத்து நட்டோம். திண்டுக்கல் மழை வேறு, கொங்கண மழை வேறு என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. ஜூலையில் பத்து நாள் நீர் வடியாமல் நின்றது. வேர் அழுகிப் பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் மடிந்தன. எஞ்சியவற்றிலும் பல, வேறு இரகம் கலந்தவை. விற்றவரைக் கேட்டோம், அவர் வானத்தைக் கைகாட்டினார்.

அவ்வாண்டு அக்டோபரில், இருந்த நகையில் பாதியை வைத்து மறுபடி தொடங்கினோம். இம்முறை மேட்டுப்பாத்தி அமைத்து, நடுவே வடிகால் வெட்டினோம். கன்றுகளுக்கு இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்துக்கே சொல்லியனுப்பினோம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் நெடுங்காலமாகக் கன்று கொடுத்துவரும் பக்கம் அது. வரிசைக்கும் செடிக்கும் நான்கடி இடைவெளி விட்டுக் குண்டுமல்லி 800, காக்கடா 200, வேலியோரம் ஒட்டுக்கட்டிய சண்பகம் 10 நட்டோம். மல்லிகைக்குப் பருவம் வேனில். சண்பகம் மழைக்காலத்தில் முகம் காட்டும். மல்லிகை ஓயும் குளிர்நாளில் காக்கடா கைகொடுக்கும். சிறு தோட்டக்காரன் ஒரே பூவை நம்பினால் ஆண்டில் பாதி நாள் அடுப்பு எரியாது.

அடுத்த ஆண்டு நவம்பர் இறுதியில் ஆஜி கையில் கத்தரியுடன் வந்தார். செழித்து நின்ற செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொன்னார். எங்களுக்கு மனம் வரவில்லை. நட்டுக் காத்து வளர்த்ததை மொட்டையடிப்பதா என்று, பாதி வரிசைகளை மட்டும் வெட்டி, மற்றவற்றின் நுனியைக் கிள்ளியதோடு நிறுத்திக்கொண்டோம். வேனில் வந்தது. வெட்டிய வரிசைகள் வெள்ளையாகப் பூத்தன. வெட்டாதவை இலையைக் காட்டி நின்றன. மல்லிகை புதுத்தளிரின் நுனியில் பூப்பது. பழங்கிளையைக் கழித்து, எருவிட்டு, நீர் பாய்ச்சினால்தான் புதுத்தளிர் வரும். சிறுவயதில் பூப்பறித்தோமே தவிர, கவாத்தின் பொருளை அன்றுதான் கற்றோம்.

வேறு சில நுட்பங்களும் உண்டு. இளந்தளிர் மஞ்சளித்தால் இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளிக்கப் பச்சை திரும்பும். மொட்டின் அடி வீங்கிக் கருஞ்சிவப்பானால் அது மொட்டு ஈயின் வேலை. தாக்குண்ட மொட்டுகளைத் திரட்டி அழிக்காவிடில் அடுத்த வாரம் தோட்டம் முழுதும் பரவும். மருந்து அடிப்பதிலும் எங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. பூ தலைக்கும் சாமிக்கும் போவது. குழந்தைகள் கையில் எடுத்து முகர்வது. ஆகவே வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு மேல் போவது அரிது. அதனால் சில கூடை நட்டம் வருவதை ஒப்புக்கொள்கிறோம்.

இனி, கணக்குக்கு வருவோம். நூறு மொட்டுகளை நிறுத்துப் பார்த்தோம். 25 கிராம் இருந்தது. எனில் ஒரு கிலோவுக்கு 4,000 மொட்டு. ஒவ்வொன்றையும் விரலால் கிள்ளியாக வேண்டும். இதற்கு எந்திரம் இல்லை. மொட்டு முற்றியிருக்க வேண்டும், விரிந்திருக்கக் கூடாது. ஆகவே விடியுமுன், நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பறிக்கிறோம். நாங்கள் இருவரும் போக, பருவ காலத்தில் மூன்று பெண்கள் கூலிக்கு வருகிறார்கள். எங்கள் ஏட்டில் செலவுப் பக்கத்தைப் புரட்டினால் பாதிக்கு அருகில் பறிகூலியே நிற்கும்.

வரவுப் பக்கமோ எங்கள் கையில் இல்லை. நெல்லை விலை வரும்வரை குதிரில் வைக்கலாம். வெங்காயத்தைப் பட்டறை போடலாம். மல்லிகைக்கு ஆயுள் ஒரு பகல். மாலையில் மலர்ந்துவிட்டால் விலையும் உதிர்ந்துவிடும். இதை அங்காடியில் உள்ளோர் நன்கறிவர். தாதரில் முகூர்த்த நாளில் மூன்று மடங்கு கிடைத்த விலை, அடுத்த வாரம் வண்டிச்செலவுக்கும் போதாமல் இறங்கியதைக் கண்டிருக்கிறோம். தசராவுக்கென்று செண்டுமல்லி போட்டோம். எல்லாரும் அதே நாளைக் குறிவைத்துப் போட்டிருந்தார்கள். முதல்நாள் பூவுக்கு நல்ல விலை. மறுநாள் அதே பூ மாட்டுக்கு.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. எங்கள் தோட்டத்துப் பூ இரயிலேறித் தாதர் செல்லும். அங்கே தரகர் கழிவு எடுத்துக்கொள்வார். சில்லறைக்காரர் வாங்கிக் கட்டி, மறுபடி இரயிலேறி, மாலையில் நம் வசாய் நிலைய வாயிலிலேயே முழமாக விற்பார். நம் வீட்டுப் பெண்கள் நாம் பெற்ற விலையைப் போலப் பன்மடங்கு கொடுத்து, பாதி வாடிய அதே பூவை வாங்குவார்கள். வளர்த்தவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே அரைமணி மிதிவண்டித் தொலைவு. பூ சென்று வந்ததோ நூறு கிலோமீட்டர்!

இது புரிந்தும் அதை மாற்றும் வழி எங்களுக்குத் தோன்றவில்லை. பெருந்துன்பம் ஒன்று வந்தே கற்பித்தது. 2020, எங்கள் செடிகளுக்கு மூன்றாம் வேனில். மல்லிகை முழு வலிமை பெறும் ஆண்டு. மார்ச்சுத் திங்களில் தோட்டம் முத்துப்பரல் கொட்டியதுபோல் மொட்டு கட்டியிருந்தது. அத்திங்களின் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு. இரயில் நின்றது, அங்காடி மூடியது, கோயில் நடை அடைந்தது, திருமணங்கள் தள்ளிப்போயின. ஆயினும் செடிக்கு ஊரடங்கு தெரியாதே! நாள்தோறும் பூத்தது. பறிக்காமல் விட்டால் புழு பெருகும். ஆகவே பறித்தோம், பறித்ததை எருக்குழியில் கொட்டினோம். மணக்க மணக்கக் குழியில் கிடந்த அந்தப் பூவைப் பார்த்து, நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீடு திரும்பிய நாட்கள் உண்டு.

அப்போது நம் காலனியின் மூன்றாம் கட்டடத்து அம்மாள் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "கோயிலுக்குத்தான் போக முடியவில்லை, வீட்டுப் படத்துக்காவது ஒரு முழம் பூ கிடைக்குமா?" மறுநாள் காலனி வாயிலில் ஒரு கூடையை வைத்துவிட்டு விலகி நின்றோம். அன்று எடுத்தவை 12 வீடுகள். விலை கேட்டார்கள், எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. "பாலுக்குக் கொடுப்பதுபோல் மாதத்துக்கு ஒரு தொகை வைத்துக்கொள்ளலாமே" என்று அந்த அம்மாளே வழி சொன்னார்.

அந்த ஒரு சொல்தான் எங்கள் தோட்டத்தைக் காத்தது. இன்று நம் காலனியிலும் அக்கம்பக்கத்திலும் 70 வீடுகள் மாதக் கணக்கில் பூ எடுக்கின்றன. முகூர்த்த நாளென்று நாங்கள் விலையை ஏற்றுவதில்லை. மலிந்துவிட்டதென்று நீங்கள் குறைப்பதுமில்லை. தோட்டத்தில் அன்று எது பூத்ததோ அதுவே கூடையில் வரும். மிகுதியை மட்டும் தாதருக்கு அனுப்புகிறோம். காலனியில் ஆறு தாய்மார்கள் பிற்பகலில் வாழைநாரில் பூக்கட்டிக் கொடுத்துத் தங்கள் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறார்கள். தரகுக்கும் வண்டிக்கும் போன பணம் இப்படி நமக்குள்ளேயே நிற்கிறது. இங்கே பிறந்து வளர்ந்து, பூக்கட்ட மறந்துபோன பெண்பிள்ளைகள் மூவர், அத்தாய்மார்களின் அருகிலிருந்து கற்றுக்கொண்டதும் எங்களுக்கு மகிழ்ச்சி.

இதனால் பணம் குவிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இருவர் உண்டு உடுத்து, மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் அளவுக்கு வருகிறது; சேமிப்பு என்று சொல்ல ஏதுமில்லை. காய்ச்சல் வந்தாலும் மூன்று மணிக்கு எழ வேண்டும். வேனிலில் எவர் வீட்டுத் திருமணத்துக்கும் வெளியூர் போனதில்லை. பூந்தோட்டம் வைக்க விரும்பும் இளைஞர்கள் எங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்வது: "முதலில் செடியைத் தேடாதே, வாங்கும் வீட்டைத் தேடு. ஐம்பது வீடு கிடைத்தபின் நிலத்தைப் பார்."

முடிவாக ஒன்று. ஆஜி சென்ற ஆண்டு இயற்கை எய்தினார். அவருடைய பிள்ளைகள் நல்லவர்கள். ஆனால் எங்கள் வேலிக்கு இருபுறமும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. நிலத்தைக் கேட்டு வாரம் ஒருவர் வருகிறார். "குத்தகையைச் சற்று உயர்த்திக் கொடுத்தால், அம்மா வைத்திருந்தபடியே நிலமாக இருக்கட்டும், இயலாதெனில் சொல்லிவிடுங்கள்" என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான சொல். எங்கள் ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். 70 வீடு 100 வீடானால் அந்தக் குத்தகையைக் கட்ட இயலும்.

நாங்கள் கேட்பது நன்கொடை அன்று. நிலைய வாயிலிலோ கடையிலோ நீங்கள் வாங்கும் பூவை, சிலர் படத்துக்குச் சாத்திவிட்டுத் துடைத்து வைக்கும் நெகிழிப் பூவுக்கு மாற்றாக, அரைமணித் தொலைவில் விளையும் பூவாக வாங்குங்கள் என்பதே. வேண்டாம் என்பாரிடம் எங்களுக்கு வருத்தமில்லை. வேண்டும் என்பார், விழா முடிந்து செல்கையில் வாயிலில் உள்ள ஏட்டில் கட்டட எண்ணையும் வீட்டு எண்ணையும் எழுதிச் சென்றால் போதும்.

இன்று இவ்வரங்கில் தாய்மார்கள் சூடியிருக்கும் மல்லிகை இன்று விடியற்காலை நாங்கள் பறித்தது. மாலையாகிவிட்டது; மலர்ந்திருக்கும். மணம் சொல்வதற்கு மேல் நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை.