‘அனுபவம்’ என்ற நிரல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் வணிகப்பிரிவுப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விழாக் குழுவினர் எங்களுக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். மருத்துவர்களான பழைய மாணவிகளுக்கும் அதே பதினைந்து நிமிடந்தான் என்று அறிந்தபோது எங்களுக்கு உள்ளூர ஒரு திருப்தி. ஏனென்று வணிகப்பிரிவில் படித்தவர்களுக்குத் தெரியும். கணிதம் சரிவராது, விஞ்ஞானம் சரிவராது என்றால் “கொமர்ஸிலை விடுங்கோ” என்று எங்கள் பெற்றோருக்குச் சொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அது முற்றாகப் போய்விட்டதென்று சொல்ல மாட்டோம். வாசலில் இருக்கும் பெறுபேற்றுப் பலகையில் எந்தப் பிரிவின் பெயர்கள் மேலே எழுதப்பட்டிருக்கின்றன என்பதை வெளியே போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களில் மூத்தவர்கள் உயர்தரத்தில் நான்கு பாடம் எடுத்தவர்கள். பொருளியல், கணக்கியல், வர்த்தகமும் நிதியும், அதோடு அளவையியல். பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் ஐந்தொகை சமப்படுத்தியவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு ஊர் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது, உடுப்புப் பையில் பேரேட்டுப் பயிற்சிக் கொப்பியையும் வைத்துக்கொண்டு போனவர் ஒருவர் இன்று கனடாவில் வரிக் கணக்காளராக இருக்கிறார். அதைப் பற்றி அவரே இந்த மலரில் எழுதியிருக்க வேண்டும். எழுதச் சொன்னால் சிரிக்கிறார்.

பின்னர் நான்கு பாடம் மூன்றானது. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து இசட் புள்ளி வந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு மூன்று ஏ எடுத்தாலும் நிம்மதி இல்லை. தசம தானத்துக்குப் பின்னால் நான்காவது இலக்கம் என்ன, மாவட்ட நிலை என்ன என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சின்ன இலக்கந்தான் யாழ்ப்பாணமா, வவுனியாவா, ஸ்ரீ ஜயவர்தனபுரவா என்று தீர்மானிக்கிறது. இந்த ஓட்டத்தில் எங்கள் பிள்ளைகள் நன்றாகவே ஓடுகிறார்கள். அதற்குக் காரணம் வணிகப்பிரிவு ஆசிரியைகள். மாலை ஐந்து மணிக்கும் வகுப்பறையில் விளக்கு எரிவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

பெறுபேறுகளைப் பற்றி இதற்கு மேல் பேசப் போவதில்லை. அவை மலரின் வேறு பக்கங்களில் அட்டவணையாக இருக்கின்றன. நாங்கள் பேச வந்தது, பெறுபேறு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. அதற்கு ஒரு பிள்ளையின் கதை போதும். அவளிடம் அனுமதி பெற்றே சொல்கிறோம். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லவில்லை.

அவள் 2019 ஓகஸ்ட்டில் உயர்தரம் எழுதியவள். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து நான்கு மாதம். பாடசாலை வாசலில் பை சோதித்துத்தான் பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி மூன்றிலும் ஏ. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வியாபார நிர்வாகமாணி கற்கைக்கு இடமும் கிடைத்தது. ஆனால் கொரோனா வந்து நாடு மூடியதால் பல்கலைக்கழகப் படியை மிதிக்க ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. கற்கை தொடங்கி, இரண்டாம் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கையில் 2022 வந்தது. பதின்மூன்று மணிநேர மின்வெட்டும் எரிபொருள் வரிசையும். வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்த கிழமை, பொருளியல் விரிவுரைக்கு உதாரணம் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்று அவள் சொன்னாள்.

இறுதி ஆண்டில் ஆறு மாத உள்ளகப் பயிற்சிக்கு இடம் தேட வேண்டி வந்தபோது, சுயவிபரக் கோவையை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். எங்களில் ஒருவர் வங்கியில் முகாமையாளராக இருந்தவர், இன்னொருவர் கணக்காய்வு நிறுவனத்தில் ஆட்களைத் தெரிவு செய்பவர், மற்றொருவர் ஆசிரியை. மூவரும் இருந்து வாசித்தோம். கல்வித் தகைமை முக்கால் பக்கம். தரம் ஐந்து புலமைப்பரிசில் தொடக்கம் தமிழ்த்தினப் போட்டிச் சான்றிதழ் வரை. அதற்குக் கீழே ‘அனுபவம்’ என்று ஒரு தலைப்பு. அதற்கு நேரே ஒரு கோடு. ஒன்றுமில்லை என்பதற்கு நாங்கள் பேரேட்டில் இடுவோமே, அந்தக் கோடு.

“காத்திருந்த ஒரு வருசமும் என்ன செய்தனீர்?” என்று கேட்டோம்.

“சும்மாதான் அக்கா இருந்தனான். மாமாவின்ரை இரும்புக் கடையிலை காசு வாங்கினனான்.”

துருவித் துருவிக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கடையில் கடன் கொப்பி மட்டுமே இருந்திருக்கிறது. இவள் காசேடு ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு மாலையும் லாச்சிக் காசை எண்ணி ஒப்பிட்டிருக்கிறாள். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றும் எழுதியிருக்கிறாள். வங்கியில் போடாமல் கிடந்த இரண்டு காசோலைகள் அதனால் கண்டுபிடிக்கப்பட்டன. இது சும்மா இருத்தலாம்!

அதற்குப் பிறகுதான் பெரிய விஷயம் வெளியே வந்தது. அவளுடைய அம்மா நுண்கடன் எடுத்திருந்தார். போருக்குப் பிறகு எங்கள் கிராமங்களில் இது எப்படிப் பரவியது என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற பிணையில் கடன் கொடுப்பார்கள். கிழமைக்கொருமுறை ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம் வைத்து அறவிடுவார்கள். 2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. முற்றத்துக் கூட்டங்கள் நின்றுவிடவில்லை.

அம்மா எடுத்தது 50,000 ரூபா. கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமை கட்ட வேண்டும். மொத்தம் 65,000 ரூபா. “வருசத்துக்கு முப்பது வீதந்தானே” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இவள் கடன் அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஐம்பதினாயிரமும் வருடம் முழுக்க அம்மாவின் கையில் இருந்தால் அது முப்பது வீதம். ஆனால் முதற்கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது. அரை வருடம் முடியும்போது கடனாக மிஞ்சி நிற்பது 28,000 ரூபா அளவுதான். அப்படிக் கிழமை கிழமையாகக் குறையும் மீதிக்குக் கணித்தால் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 54 வீதம். உயர்தரக் கொப்பியின் பின்பக்கத்தில் இதைச் செய்து, பிறகு எக்செலில் போட்டுச் சரிபார்த்திருக்கிறாள். குழுவில் இருந்த மற்றப் பெண்கள் நால்வரும் தங்கள் அட்டைகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் இருவர் ஊர்ச் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்து இதைக் கட்டி முடித்தார்கள். அம்மா இரண்டாவது கடன் எடுக்கவில்லை.

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டோம்.

“அது வேலை இல்லைத்தானே அக்கா. ஆரும் சம்பளம் தரேல்லை.”

தங்கைமாரே, உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கதையை இவ்வளவு நீட்டினோம். சிற்றுண்டிச்சாலைக் கணக்கைப் பார்த்தவள், வணிக தினத்துக்கு அனுசரணை கேட்டுக் கடை கடையாக ஏறியவள், அம்மா பிடிக்கும் சீட்டுக்குப் பெயர் எழுதிக் காசு சேர்த்தவள், எல்லாரிடமும் எழுத ஏதோ இருக்கிறது. ஆட்களைத் தெரிவு செய்யும் எங்கள் தோழி சொல்வது இது: பெறுபேறு எல்லா விண்ணப்பத்திலும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அவர் முதலில் பார்ப்பது கீழே உள்ள நிரலைத்தான். பொய் எழுத வேண்டாம். செய்ததை, எவ்வளவு காலம், எவ்வளவு காசு, என்ன மாறியது என்று எழுதுங்கள்.

‘தொழில் இலக்கு’ என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தது உங்களுக்கும் பழக்கமான வசனந்தான். புகழ்பெற்ற நிறுவனமொன்றில் தனது திறமைகளை வளர்த்து அந்நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பங்களித்தல். இணையத்தில் எடுத்தது. வெட்டிவிட்டு, உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டோம். யோசித்துச் சொன்னாள். முதலில் தம்பியின் படிப்பு முடியும் வரை மாதாமாதம் சம்பளம். பிறகு பட்டயக் கணக்காளர் ஆக வேண்டும். அதன் பிறகு யாழ்ப்பாணத்திலேயே சொந்தமாக ஒரு கணக்காய்வு அலுவலகம், கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளையும் பார்க்கிற மாதிரி. அம்மாவுக்கோ அரசாங்க உத்தியோகம்தான் விருப்பம். ஓய்வூதியம் இருக்கிறது, வீட்டுக்குக் கிட்ட இருக்கலாம், கலியாணமும் பேசலாம். அம்மாவை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். எங்களில் பாதிப்பேர் அந்த வழியால் போய் நன்றாகவே இருக்கிறோம். இலங்கைக் கணக்காளர் சேவைப் பரீட்சையையும் எழுது என்றுதான் அவளுக்குச் சொன்னோம். ஒரு கதவைத் திறக்க இன்னொன்றைப் பூட்ட வேண்டியதில்லை.

கொழும்பிலுள்ள கணக்காய்வு நிறுவனமொன்று நேர்முகத்துக்கு அழைத்தது. பெறுமானத் தேய்வில் எத்தனை முறை உண்டோ அத்தனையும் அவளுக்குத் தமிழில் தண்ணீர். “டிப்ரிசியேஷன்” என்று கேட்டபோது இரண்டு விநாடி திகைத்தாளாம். மூன்று ஆண்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டவள் அவள். கேட்பது வேறு, அந்த மொழியில் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது வேறு. ஆயினும் கடன் அட்டைக் கதையை அவர்களே தோண்டிக் கேட்டார்கள். அரை மணிநேரம் அதைப் பற்றியே பேச்சு. இடம் கிடைத்தது.

கிடைத்த பிறகு வந்ததுதான் நாங்கள் எதிர்பார்த்த சிக்கல். பயிற்சிக் கொடுப்பனவு அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் காணாது. மாதம் 15,000 ரூபா குறைந்தது. ஆறு மாதத்துக்கு 90,000. அம்மா மறுபடியும் குழுக்கடன் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்! எங்களில் மூவர் பகிர்ந்து அந்தக் குறையைக் கட்டினோம். அவள் பயிற்சியை முடித்துவிட்டாள். அதே நிறுவனம் பட்டம் முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறது. பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் செயன்முறைப் பயிற்சி மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டையும் மூன்று பேரின் கைப்பையிலிருந்து ஓட்ட முடியாது. அவளுக்குப் பின்னால் இந்த ஆண்டு இன்னும் நால்வர் நிற்கிறார்கள்.

இனி, சங்கத்திடம் நேரடியாகப் பேசுகிறோம். பரிசளிப்பு விழாவில் தங்கப் பதக்கம் கொடுக்கிறோம். நல்ல வழக்கம், பெற்றோரின் பெயரில் நிறுவப்பட்ட பதக்கங்கள், அவற்றை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் ஆறு மாதக் குறை, இன்று அரைப் பவுண் தங்கத்தின் விலைக்கு உள்ளேதான் வருகிறது. புதிதாகப் பதக்கம் நிறுவ விரும்பும் சகோதரிகள் அந்தக் காசைப் பயிற்சிக் காலத்துக்குத் தரலாமா என்று யோசிக்க வேண்டும். நூற்றாண்டு மண்டபத்துக்கே முதலில் காசு சேர்க்க வேண்டும் என்பவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். இது செயற்குழுவில் இரண்டு முறை விவாதமாகி இன்னும் முடியவில்லை. முடியாத விவாதம் என்பதை மறைக்காமல் சொல்கிறோம்.

காசைத் தவிர இன்னும் இரண்டு தேவைகள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டில் ஓர் அறை வெறுமையாக இருந்தால், ஒரு பிள்ளையை ஆறு மாதம் வைத்திருங்கள். வாடகை வாங்குங்கள், ஆனால் ஊர் வாடகையாக வாங்குங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருப்பவர்கள் கிழமைக்கு ஒரு மணிநேரம் தொலைபேசியில் ஒரு பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேசுங்கள். இலக்கணம் படிப்பிக்க வேண்டாம், அது எங்கள் ஆசிரியைகள் செய்வார்கள். உங்கள் அலுவலகத்தில் இன்று என்ன நடந்தது என்று சொல்லுங்கள், அவளிடமும் கேளுங்கள். எங்கள் தோழி ஒருவர் மெல்பேணிலிருந்து ஏழு மாதமாக இதைச் செய்கிறார். இப்போது அந்தப் பிள்ளைதான் அவருக்குத் தொலைபேசி எடுக்கிறாள்.

தேநீர் இடைவேளையில் பழைய வணிக வகுப்பறைக்கு வாருங்கள். மேல்மாடி, நூலகத்துக்குப் பக்கத்து அறை. மேசையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். கணக்கீட்டு ஆசிரியை கோடு போட்டுத் தந்தது, ஆகவே நிரல்கள் நேராக இருக்கின்றன. பெயர், ஊர், தொலைபேசி இலக்கம். அதற்கடுத்து மூன்று நிரல்: அறை, நேரம், காசு. எதற்கு முடியுமோ அதில் அடையாளமிடுங்கள். நால்வரில் இருவர் எதிர்வரும் ஜனவரியில் கொழும்புக்குப் போகிறார்கள், அவர்களும் அந்த அறையில் இருப்பார்கள்.