நப்பின்னை என்னும் நற்பெயர்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இவ்விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுதல் வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். கல்வி, தொழில், ஒற்றுமை ஆகியன பற்றி எம்மினும் வல்லார் பலர் இம்மேடையில் பேசியிருக்கின்றனர். ஆதலின் யாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அஃது ஒரு பெயர். எம் பேத்தியின் பெயர்.

அக்குழந்தை பிறந்தது மார்கழித் திங்கள் பதினெட்டாம் நாள். அன்று விடியலில் எம் இல்லத்தில் திருப்பாவையின் பதினெட்டாம் பாசுரம் ஓதப்பெற்றது. அப்பாசுரத்தில் ஆண்டாள் எழுப்புவது நப்பின்னையை. ஆகவே அப்பெயரையே குழந்தைக்கு இட்டோம். உறவினர் சிலர் முகஞ்சுளித்தனர். “பழம்பெயர், பள்ளியில் நகைப்பர்” என்றனர். யாம் செவிகொடுக்கவில்லை.

ஆறாண்டு கழிந்தபின் அவர் சொல் பலித்தது. பள்ளிப் பதிவேட்டில் பகர ஒற்றினை விட்டு “நபின்னை” என எழுதிவிட்டனர். எழுதியதைப் படித்துப் பாராது கையொப்பமிட்டவர் யாமே. பிறரைக் குறை கூறி என்ன பயன்? பிழையைத் திருத்துவது எளிதாயிற்று. ஆனால் உடன் பயிலும் சிறார், “நீ பின்னை; ஆகையால் பின்னே போய் நில்” என்று வரிசையின் கடைசியில் அவளை நிறுத்தத் தலைப்பட்டனர். ஒரு நாள் மாலை கண் கலங்கி வந்து, “தாத்தா, எனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தீர்கள்?” என்று வினவினாள். பாசுரத்தில் வரும் பெயர் என்பதற்குமேல் எமக்கு விடை தெரியவில்லை. நம் குலமகளின் பெயரை நாமே அறியாதிருந்த அந்நாணமே எம்மை நூல்களிடம் செலுத்தியது. அன்று அவளுக்குச் சொல்லாத விடையை இன்று உங்கள் முன்னிலையில் சொல்ல முற்படுகின்றோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பின்னை என்பதே பெயர். அதன்முன் நின்ற நகரம் சிறப்புப் பொருள் தருவது. கீரர் நக்கீரர் ஆயினமையும், தத்தனார் நத்தத்தனார் ஆயினமையும் இம்முறைபற்றியே. பெண்பாற் புலவருள்ளும் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையாரும், புறநானூற்றில் வரும் மாறோக்கத்து நப்பசலையாரும் இவ்வரிசையினரே. ஆகவே நப்பின்னை என்பது ‘நல்ல பின்னை’ எனப் பொருள்படும். நம் சிறுமி தன் பெயரின் முதலெழுத்தாலேயே சங்கப் புலவர் கூட்டத்தில் இடம் பெற்றுவிடுகின்றாள். பின்னை என்பதற்கோ, பின் பிறந்தவள், இளையவள் என்பது ஒரு பொருள். பின்னிய கூந்தலை உடையாள் எனக் கொள்வாரும் உளர். திருமகளையும் அச்சொல்லாற் குறிப்பது உண்டு. வரிசையில் கடைசியில் நிற்பவள் என்ற பொருள் எவரும் கூறிற்றிலர்!

இனி, அவள் யார் என்பது. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்னும் காதையை அறியாதார் நம்மவருள் இருத்தலாகாது. கோவலன் சிலம்பு விற்கச் சென்றிருக்கின்றான். கண்ணகி மாதரியின் மனையில் இருக்கின்றாள். ஆயர்பாடியிலோ பால் உறையவில்லை. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் சொரிகின்றது. தீங்கு வரும் என அஞ்சிய மாதரி, அது நீங்குமாறு குரவைக்கூத்து ஆடுவிக்கின்றாள். கண்ணன் முன்பு தமையனோடும் பின்னையோடும் ஆடிய கூத்து அது. எழுவர் மகளிரை ஏழிசைகளாக நிறுத்தி, குரல் என்பாளை மாயவன் என்றும், இளி என்பாளைப் பலதேவன் என்றும், துத்தம் என்பாளைப் பின்னை என்றும் பெயரிட்டு வட்டமாக ஆடச் செய்கின்றாள். மணிமேகலையிலும் இக்குரவை பேசப்படுகின்றது. அங்கு அவள் பெயர் பிஞ்ஞை என வழங்குகின்றது. எனவே ஆழ்வார்கள் பாடுதற்கு முன்னரே தமிழ்நாட்டு ஆயர்பாடிகளில் கண்ணனுக்கு உரியவளாகப் பின்னை கொண்டாடப்பட்டாள் என்பது தெளிவு.

அவளைக் கண்ணன் மணந்தது ஏறுதழுவி. நம் குலத்தின் பழைய மணமுறை அதுவே என்பதைக் கலித்தொகையின் முல்லைக்கலி விரித்துரைக்கின்றது. கொல்லேற்றின் கொம்புக்கு அஞ்சுவானை ஆயர்மகள் மறுபிறப்பிலும் தழுவாள் என்று அந்நூல் பேசும். பின்னையின் பொருட்டுக் கண்ணன் ஏழு விடைகளை அடக்கினான் என்பதை ஆழ்வார்கள் பலகாலும் பாடி மகிழ்கின்றனர். வடமொழிப் பாகவதத்திலும் ஏழு எருதுகளை அடக்கிய கதை ஒன்று உண்டு. ஆயினும் அங்கு மணமகள் கோசல மன்னன் நக்நஜித்தின் மகளாகிய சத்தியை. அவள் அரசன் மகள். நம் பின்னையோ ஆயர்மகள். வைணவ மரபு இவளை யசோதையின் உடன்பிறந்தார் மகள் என்று கூறும். அத்தை மகனுக்கு மாமன் மகள் என்னும் நம் வீட்டு முறையே அங்கும் அமைந்திருத்தல் காண்க.

பெரியாழ்வார் பாடல் ஒன்றில் யசோதை கண்ணனை நீராட அழைக்கின்றாள். தொழுவத்தில் புகுந்து புழுதி அளைந்த பிள்ளை வர மறுக்கின்றான். இக்கோலத்தில் உன்னை நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்று தாய் சொல்கின்றாள். உலகளந்தானையும் நாணச்செய்ய வல்லது ஒரு சிறுமியின் நகைப்பு! இவ்விடத்தை யாம் எம் பேத்திக்குப் படித்துக் காட்டியபோது அவள் முதன்முறையாகத் தன் பெயர் கேட்டுச் சிரித்தாள்.

திருப்பாவையில் பதினெட்டு, பத்தொன்பது, இருபது ஆகிய மூன்று பாசுரங்களிலும் நப்பின்னை வருகின்றாள். ஆயர் சிறுமியர் கண்ணனை நேரே வேண்டி நில்லாமல் அவளை முன்னிட்டே அணுகுகின்றனர். தாள்திறக்க வேண்டியவள் அவள். இராமாநுசர் பதினெட்டாம் பாசுரத்தை ஓதிக்கொண்டு பிச்சை ஏற்கச் சென்றபோது, ஆசாரியரின் மகள் வளை ஒலிக்கக் கதவு திறக்கக் கண்டு, நப்பின்னையே வந்தாளென மயங்கி விழுந்தார் என்று குருபரம்பரை வழக்குக் கூறும். பராசர பட்டரும் திருப்பாவைக்குரிய வடமொழித் தனியனை நீளை என்னும் பெயரால் இவளைக் கொண்டே தொடங்கினார்.

இவ்வளவு பெருமை வாய்ந்த பெயர் மக்கள் வழக்கில் ஏன் பரவவில்லை? நம் தாய்மார் பிள்ளைகளுக்குப் பெயரிடுவது நூலைப் பார்த்து அன்று, கோயிலைப் பார்த்து. திருவரங்கத்தால் ரங்கநாயகி பெருகினாள், காஞ்சியால் பெருந்தேவி, திருச்சானூரால் அலர்மேல்மங்கை, திருவில்லிபுத்தூரால் ஆண்டாள். திருமகளும் நிலமகளும் பெருமாளின் இருமருங்கும் நிற்க, மூன்றாமவளாகிய நீளைக்குத் திருமேனி அமைந்த கோயில்கள் சிலவே. கண்ணாரக் காணாத தேவியின் பெயர் நாவில் ஏறுவது அரிது. மேலும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் சயதேவர் இயற்றிய கீதகோவிந்தத்தின் செல்வாக்கு தெற்கே பரவ, பஜனை மடங்களில் ராதா கலியாணம் நிகழலாயிற்று. கண்ணனுக்கு இணை ராதை என்பதே பொது எண்ணமாயிற்று.

சாமிநாத ஐயர் அவர்கள் சிந்தாமணியை 1887ஆம் ஆண்டிலும் சிலப்பதிகாரத்தை 1892ஆம் ஆண்டிலும் பதிப்பித்தபின் பழம்பெயர்கள் உயிர்பெற்றன. 1916ஆம் ஆண்டில் வேதாசலம் மறைமலையாயினார். கண்ணகியும் மணிமேகலையும் வீடுதோறும் பிறந்தனர். ஆயினும் அக்கண்ணகிக்கு நிழல் தந்த ஆயர்பாடியின் பின்னை மட்டும் ஏட்டிலேயே நின்றுவிட்டாள். பெரும்பிழை பிறருடையது அன்று. அவளைத் தம்மவள் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய நம்முடையதே.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். சீவகசிந்தாமணியில், வேடர் கவர்ந்த ஆநிரையைச் சீவகன் மீட்டுத் தருகின்றான். ஆயர் தலைவன் நந்தகோன் தன் மகள் கோவிந்தையை அவனுக்குக் கொடுக்க முன்வருகின்றான். தன் குலத்தை எண்ணி அவன் தயங்கலாம் என்று கருதி, “குலம் கருதவேண்டா; முருகன் வள்ளியை மணந்திலனோ? திருமால் நப்பின்னையை மணந்திலனோ?” என்ற கருத்துப்படப் பேசுகின்றான். சீவகனோ அவளைத் தான் மணவாது, தன் தோழன் பதுமுகனுக்கு மணம் செய்விக்கின்றான். இவ்விடத்தைப் படிக்குந்தோறும் எம் உள்ளம் நோகின்றது. குலங்காட்டித் தம்மைத் தாழ்த்துவாரை நோக்கி நம் முன்னோன் எடுத்துக்காட்டிய பெயர் நப்பின்னை. அன்பர்களே! அப்பெயரைப் போற்றும் நாம், நம்மினும் எளியார் நம் வாயிலில் வந்து நிற்குங்கால் அதே குலத்தைக் காட்டித் தயங்குவது தகுமோ? பெயரை ஏற்பார் அப்பெயரின் வழக்கையும் ஏற்றல் வேண்டும். இதனைப் பிறருக்கு மட்டுமன்றி எமக்கும் சொல்லிக்கொள்கின்றோம்.

எல்லீரும் உங்கள் மகளிர்க்கு நப்பின்னை என்றே பெயரிடுங்கள் என யாம் கூறவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பாட்டியர், பூட்டியர் பெயர்கள் உள்ளன. நினைவுள்ள முதியோர் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைக்கு எப்பெயர் இடினும் அதன் பொருளையும் வரலாற்றையும் அறிந்து இடுங்கள். அது வினவும் நாளில் விடை கையில் இருக்கட்டும். பதிவேட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்தே கையொப்பமிடுங்கள்!

எம் பேத்தி இப்பொழுது இக்கூட்டத்தில்தான் இருக்கின்றாள். சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி பெயர் கேட்டதற்கு, “நப்பின்னை, நடுவிலே ஒரு ‘ப்’ உண்டு, அதை விட்டுவிடாதே” என்று தானே சொன்னாளாம். அந்த ஓர் ஒற்றைக் காத்துக்கொள்ள அவள் கற்றுவிட்டாள்.